விதையும் உரமும் சேர்த்தால் சவ்வு முளைக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது, எடை 74 கிலோ. 11 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. ஆறு வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி. கோவையில் ஒரு மையத்துக்கு அழைத்துப் போனோம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "கிரேடு 3 தேய்மானம், ஆனால் ஆபரேஷன் தேவையில்லை" என்றார்கள். அம்மாவின் ரத்தத்திலிருந்து பி.ஆர்.பி., இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் இரண்டையும் எடுத்து, ஒன்றாகக் கலந்து முட்டிக்குள் போடுவார்களாம். "ஸ்டெம் செல் விதை, பி.ஆர்.பி. உரம். இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புப் பலன், தேய்ந்த சவ்வு மறுபடி வளரும்" என்று விளக்கினார்கள். இரண்டு காலுக்கும் 2,40,000 ரூபாய். இந்த மாதத்துக்குள் கட்டினால் 20,000 குறைப்பார்களாம். எங்கள் தெருவில் ஒரு அக்கா இதைப் போட்டுக்கொண்டு நன்றாக நடக்கிறார். நகையை அடகு வைத்துப் போட்டுவிடலாமா? மார்கழிக்குள் பழையபடி வாசலில் உட்கார்ந்து கோலம் போட வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே ஆசை.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை அடகு வைக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மாதக் கடைசி என்று ஒரு கெடு இருக்கிறது. அந்தக் கெடு தள்ளுபடிக்குத்தான். ஆறு வருடமாக மெல்ல மெல்ல வந்த தேய்மானத்தில், இந்த மாதமே முடிவு எடுத்தாக வேண்டிய அவசரம் எதுவும் கிடையாது.

நான் பி.ஆர்.பி.க்கு எதிரானவன் இல்லை. எலும்பு மூட்டு மருத்துவனாக நானே அதைப் போடுகிறேன், சிலருக்கு நல்ல பலனையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு போட வேண்டும். அதனால் அந்த விதை, உரம் கதையையே எடுத்துக்கொண்டு பேசுவோம்.

முதலில் உரம், அதாவது பி.ஆர்.பி. தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. கையிலிருந்து 20, 30 மில்லி ரத்தம் எடுத்து, ஒரு குழாயில் விட்டு, வேகமாகச் சுற்றும் இயந்திரத்தில் வைப்போம். மோர் கடைந்தால் வெண்ணெய் தனியே திரளுமே, அந்த மாதிரி இங்கேயும் ரத்தம் பிரிந்துவிடும். குழாயை வெளியே எடுத்துப் பார்த்தால் அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர், அதுதான் பிளாஸ்மா. இரண்டுக்கும் நடுவில் பாலாடை போல ஒரு மெல்லிய வெளுத்த படலம். தட்டணுக்களும் வெள்ளையணுக்களும் அந்த இடத்தில்தான் ஒதுங்கியிருக்கும். அதை ஒட்டிய பிளாஸ்மாவை உறிஞ்சி எடுத்தால், சாதாரண ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருக்கும் தட்டணுக்கள் சில மடங்கு செறிவாகக் கிடைக்கும். டெங்கு வந்தால் "பிளேட்லெட் குறைஞ்சிடுச்சு" என்று பதறுகிறோமே, அதே தட்டணுக்கள்தான். காயம் பட்ட இடத்தில் ரத்தத்தை உறைய வைப்பதோடு, தங்களுக்குள் வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளையும் அவை அங்கே கொட்டும். அவை பக்கத்துச் செல்களைக் கூப்பிட்டு வேலை வாங்கும். ஆக, உரம் என்ற பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு.

ஆனால் இந்த உரத்துக்கு மூட்டையில் அச்சிட்ட அளவு கிடையாது. எவ்வளவு ரத்தம் எடுத்தார்கள், எத்தனை முறை சுற்றினார்கள், வெள்ளையணு எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பொறுத்து ஊசிக்கு ஊசி மாறும். போடுவதற்கு முன் தட்டணு எண்ணிக்கையை எண்ணிப் பார்க்கும் இடங்கள் குறைவு.

இப்போது விதை, அதாவது வேறு வேறு திசுவாக வளரக்கூடியது என்று சொல்லப்படும் ஸ்டெம் செல். இடுப்பின் பின்பக்க எலும்பில் மரத்துப்போகும் மருந்து போட்டு, ஒரு தடித்த ஊசியை எலும்புக்குள் இறக்கி மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். தோல் மரத்திருந்தாலும், உறிஞ்சும் அந்தச் சில விநாடி தொடை வரை சுளீரென்று ஓர் இழுப்பு தெரியும். அப்படி எடுத்த மஜ்ஜையில் நாம் தேடும் வகை ஸ்டெம் செல், 10,000 முதல் 1,00,000 செல்லுக்கு ஒன்றுதான் இருக்கும். வயது ஏற ஏற அதுவும் குறையும். அன்றைக்கே எடுத்து, சுற்றி, அன்றைக்கே போடும் ஊசியில் சில ஆயிரம், மிஞ்சினால் சில பத்தாயிரம் இருக்கலாம். மையங்கள் இதற்கு "ஸ்டெம் செல் ஊசி" என்று பெயர் வைத்திருந்தாலும், செறிவூட்டிய மஜ்ஜை என்பதே சரியான பெயர்.

அதைவிட முக்கியமான ஒன்று. இந்த வகைச் செல்லுக்கு "மீசென்கைமல் ஸ்டெம் செல்" என்ற பெயரை 1991இல் வைத்தவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஆர்னால்ட் கேப்லன் என்ற விஞ்ஞானி. அவரே 2017இல், இந்தப் பெயரை மாற்றுங்கள் என்று கட்டுரை எழுதினார். உடம்புக்குள் போட்டால் இந்தச் செல்கள் புதுத் திசுவாக முளைப்பதில்லை, சில பொருள்களைச் சுரந்து அங்கே ஏற்கெனவே இருக்கும் செல்களுக்குச் சேதி சொல்கின்றன, ஆகவே "ஸ்டெம் செல்" என்ற பெயர் நோயாளிகளைத் தவறாக நம்ப வைக்கிறது என்பது அவர் வாதம். யோசித்துப் பாருங்கள். விதை என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது விதையே இல்லை, அதுவும் ஒருவகை உரம்தான். உரத்தோடு உரத்தைக் கலந்துவிட்டு, வயலில் பயிர் முளைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் இந்தச் சேர்க்கை வெறும் வியாபாரமா என்றால், அதுவும் இல்லை. இதன் வேர் நல்ல மருத்துவத்தில் இருக்கிறது. 1998இல் மயாமி பல்கலைக்கழகத்தின் வாய், தாடை அறுவை நிபுணர் ராபர்ட் மார்க்ஸும் அவர் குழுவினரும், தாடை எலும்பில் பெரிய குறைபாடு இருந்த 88 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையோடு கூடிய எலும்பை எடுத்துத் தாடையில் வைத்தார்கள். சிலருக்கு அதோடு செறிவான தட்டணுக்களையும் சேர்த்தார்கள். சேர்த்தவர்களுக்கு எலும்பு சீக்கிரம் முதிர்ந்து கெட்டியானது. மஜ்ஜைச் செல்லும் தட்டணுவும் கைகோத்த இடம் அது. பிறகு ஆய்வகங்களில், தட்டில் வளர்க்கும் ஸ்டெம் செல்களுக்குத் தட்டணுச் சாற்றை ஊற்றினால் அவை மளமளவென்று பெருகுவதையும் பார்த்தார்கள். இன்றும் பல ஆய்வகங்களில் அந்தச் சாறுதான் செல்களுக்குத் தீனி.

ஆனால் எலும்பு வேறு, முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்பு வேறு. நாம் பேச்சில் "சவ்வு" என்று சொல்வது இந்தக் குருத்தெலும்பைத்தான். எலும்புக்குள் ரத்தம் ஓடுகிறது, உடைந்தால் தானே கூடும். குருத்தெலும்பில் ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது. நடக்கும்போது அமுங்கி விரியும்போது மூட்டு நீரிலிருந்து ஊறுவதுதான் அதற்கு உணவு. 1743இலேயே வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர், குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் திரும்ப வருவதில்லை என்று எழுதி வைத்தார். கிட்டத்தட்ட முந்நூறு வருடமாக எங்கள் துறை அதை மாற்றத்தான் முயன்றுகொண்டிருக்கிறது. தட்டில் பெருகும் செல்லுக்கு அங்கே யாரும் 74 கிலோ எடையை ஏற்றுவதில்லை. அம்மாவின் முட்டியில் ஒவ்வொரு அடிக்கும் அந்த எடை ஏறி இறங்குகிறது.

இரண்டையும் சேர்த்து முட்டியில் போட்டுப் பார்த்ததும் உண்டு. ஸ்பெயினில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 60 பேரிடம் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்குத் தட்டணுக்களிலிருந்து எடுத்த வளர்ச்சிக் காரணி நிறைந்த பிளாஸ்மா மட்டும். மறுபாதிக்கு அதோடு, அவரவர் மஜ்ஜையிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கிய 10 கோடி செல்கள். கவனியுங்கள், 10 கோடி. உங்களுக்குச் சொல்லப்பட்ட ஒருநாள் ஊசியில் அந்த அளவின் நிழல்கூட வராது. ஒரு வருடம் கழித்து, சேர்த்துப் போட்டவர்களின் வலி பத்துக்கு 5.3 என்பதிலிருந்து 3.5 ஆக இறங்கியது. பிளாஸ்மா மட்டும் போட்டவர்களுக்கு 5இலிருந்து 4.5. கொஞ்சம் நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இரண்டு குழுக்களுக்கும் நடுவே உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். எக்ஸ்ரேயிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் மூட்டு இடைவெளியோ தேய்மானமோ மாறவில்லை. வலி கொஞ்சம் குறையலாம், சவ்வு வளரவில்லை. "இரட்டிப்புப் பலன்" என்ற பேச்சுக்கு என்னால் இதில் இடம் காண முடியவில்லை.

அப்புறம் உங்கள் தெரு அக்கா. அவர் சொல்வது பொய்யே இல்லை. உண்மையிலேயே வலி குறைந்திருக்கும். அதன் காரணம்தான் கேள்வி. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இரண்டு முழங்காலிலும் வலியுள்ள 25 பேரை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார்கள், 2017இல் வெளிவந்தது. ஒரு முட்டியில் செறிவூட்டிய மஜ்ஜையைப் பிளாஸ்மாவோடு கலந்து போட்டார்கள். மறு முட்டியில் வெறும் உப்புநீர். எதில் எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு முட்டியிலும் வலி குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவில்! நான் இதை முதன்முதலில் படித்தபோது நோயாளிகளிடம் பேசும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். தேய்மான வலி அலை போல ஏறி இறங்குவது. தாங்க முடியாத உச்சத்தில்தான் மருத்துவரிடம் போகிறோம், அதன்பின் அது எப்படியும் சற்று இறங்கும். நம்பிக்கையும், ஊசிக்குப் பின் எடுக்கும் ஓய்வும், பிசியோதெரபியும் சேர்ந்துகொள்ளும். ஒருவர் நடப்பதை வைத்து ஊசியை எடை போட முடியாது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

பி.ஆர்.பி.யைத் தனியாகவும் இப்படிச் சோதித்தார்கள். ஆஸ்திரேலியாவில் 288 பேர், வாரம் ஒன்றாக மூன்று ஊசி, பாதிப் பேருக்கு உப்புநீர். 2021இல் முடிவு வந்தது. ஒரு வருடத்தில் பி.ஆர்.பி. குழுவுக்கு வலி 2.1 புள்ளி குறைந்தது, உப்புநீர்க் குழுவுக்கு 1.8. குருத்தெலும்பின் அளவிலும் பெரிய வித்தியாசமில்லை. வேறு சில ஆய்வுகளில் பி.ஆர்.பி. நன்றாகவே வேலை செய்திருக்கிறது, முக்கியமாக ஆரம்பத் தேய்மானத்தில். அதனால்தான் அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கம் "வலியைக் குறைக்கலாம்" என்ற அளவில் நிற்கிறது, அங்கேயே மூட்டுவாத மருத்துவர் சங்கம் பி.ஆர்.பி.யும் வேண்டாம், ஸ்டெம் செல்லும் வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறது. 2023இல் வெளியான, 475 பேரிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி என மூன்று வகைச் செல்களையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து எதுவும் அந்த ஸ்டீராய்டு ஊசியை மிஞ்சவில்லை.

நம் நாட்டு விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. பதிவு செய்த, நெறிமுறைக் குழு ஒப்புதல் பெற்ற ஆய்வாகத்தான் நடத்த வேண்டும். ஆய்வு என்றால் அதில் சேருகிறவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. இதற்குப் பிறகு 2022இல் ஒரே ஒரு தயாரிப்புக்கு முழங்கால் தேய்மானத்துக்காக மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது நியாயமாகச் சொல்ல வேண்டிய விஷயம். பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் ஆரோக்கியமான கொடையாளர்களின் மஜ்ஜையிலிருந்து வளர்த்த 2.5 கோடி செல்கள் கொண்ட ஊசி அது. கிரேடு 2, 3 தேய்மானம் உள்ள 146 பேரிடம் மூன்றாம் கட்ட ஆய்வு நடந்தது, ஒரு வருடத்தில் செல் இல்லாத ஒப்பீட்டு ஊசியைவிட வலியும் இயக்கமும் மேம்பட்டன. ஆனால் அதில் பி.ஆர்.பி. இல்லை. அங்கே அளவு உண்டு, சோதனை உண்டு, அனுமதி உண்டு. உங்களிடம் சொல்லப்பட்ட கலவைக்கு அந்த அனுமதியைச் சாட்சியாகக் காட்டினால் ஏற்காதீர்கள்.

"சைடு எஃபெக்டே கிடையாது, உங்கள் ரத்தம்தானே" என்றும் சொல்லியிருப்பார்கள். சர்க்கரை உள்ளவரின் மூட்டுக்குள் எந்த ஊசி போனாலும் கிருமி புகும் வாய்ப்பு உண்டு. ரத்தத்தையும் மஜ்ஜையையும் வெளியே எடுத்து, மாற்றி மாற்றிக் கையாளும்போது அது கூடும். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் அம்மாவுக்கு இப்போது இருப்பதைவிடப் பெரிய துன்பம்.

சரி, வேறு என்ன செய்வது? நான் அம்மாவை நேரில் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து, அடுத்த மூன்று மாதத்துக்கு என் அம்மாவாக இருந்தால் என்ன செய்வேனோ அதைச் சொல்கிறேன்.

தொடையின் முன்பக்கத் தசைதான் முழங்காலைத் தாங்கும் தூண். வலிக்குப் பயந்து நடக்காமல் இருக்க இருக்க அது சூம்பிவிடும், சூம்பினால் வலி கூடும். அம்மாவைக் கட்டிலில் கால் நீட்டி உட்கார வையுங்கள். ஒரு குளியல் துண்டை உருண்டையாகச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். அந்தத் துண்டை நசுக்குவதுபோல முட்டியைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, விட வேண்டும். உங்கள் விரலை முட்டிக்கு மேலே தொடையில் வைத்துப் பாருங்கள், தசை கல்லாக இறுகுவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவர் இடுப்பால் தள்ளுகிறார் என்று அர்த்தம், திருத்துங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. ஒரு வாரம் பழகியதும், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, காலை நேராகத் தூக்குவது எல்லாம் சேர்க்கலாம். ஒரு முறையாவது நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டிக் கற்றுக்கொள்வது நல்லது. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முதல் பத்து நாளில் "ஒண்ணும் ஆகலையே" என்று அம்மா விட்டுவிடப் பார்ப்பார், அங்கேதான் நீங்கள் கூட இருக்க வேண்டும்.

எடையும் அவ்வளவு முக்கியம். 2005இல் 142 பேரை நடக்க விட்டு அளந்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் நாலு கிலோ சுமை குறைகிறது என்று கண்டார்கள். அம்மா ஐந்து கிலோ குறைத்தால் அடிக்கு இருபது கிலோ. சர்க்கரையும் கூடவே இறங்கும். வலிக்கு, கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தினம் போட விடாதீர்கள், சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்துக்கு அது நல்லதல்ல. டைக்ளோஃபெனாக் களிம்பை முட்டியில் தடவுவது அதைவிடப் பாதுகாப்பு. இடது கை, வலது கை எதுவானாலும், அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் ஒரு தடி பிடித்து நடக்கட்டும்.

இவ்வளவும் செய்து மூன்று மாதம் கழித்தும் வலி அப்படியே இருந்தால், நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயோடு ஓர் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். படுத்தபடி எடுத்த எக்ஸ்ரே தேய்மானத்தைச் சரியாகக் காட்டாது. அப்போது அவர் பி.ஆர்.பி. மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றால், வலிக்காக என்று தெரிந்து, கையில் இருக்கும் பணத்தில் போட்டுப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. மூட்டுக்குள் ஸ்டீராய்டு போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே தெரிந்து பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், மூட்டு மாற்று அறுவையைப் பேயாக நினைக்க வேண்டாம். நன்றாகத் தேய்ந்த முட்டிக்கு இன்று நம்மிடம் உள்ள மிக உறுதியான சிகிச்சை அதுதான். 2017 ஆகஸ்டில், அதுவரை சராசரியாக 1.58 லட்சம் ரூபாய்க்கு விற்ற சாதாரணச் செயற்கை மூட்டுக்கு 54,720 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். அந்த 2,40,000 ரூபாயை ஊசியில் கரைத்துவிட்டு, பிறகு அறுவைக்குக் காசில்லாமல் வந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மனம் தாங்காத காட்சி அது.

கோவைக்கு மறுபடி போக நேர்ந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள். இது ஆய்வா, ஆம் என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் பதிவு எண் என்ன? சவ்வு வளர்ந்ததை, போடுவதற்கு முன்னும் ஒரு வருடம் கழித்தும் எடுத்த ஸ்கேனில் எனக்குக் காட்ட முடியுமா? பதிலை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாகக் கோலம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான், அதை விட்டுவிட மாட்டேன். குத்துக்காலிட்டு உட்காரும்போது முட்டியில் விழும் சுமை நடப்பதைவிடப் பல மடங்கு. எந்த ஊசி போட்டாலும், மூட்டையே மாற்றினாலும், அந்த உட்காரலை நான் அம்மாவுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் கோலத்துக்கு அது தேவையில்லை. ஓரடி உயரத்தில் அகலமான முக்காலி ஒன்று செய்யச் சொல்லுங்கள், தச்சரிடம் கேட்டால் அரை நாளில் செய்துவிடுவார். புள்ளியை நீங்கள் வையுங்கள், கோட்டை அம்மா முக்காலியில் உட்கார்ந்தபடி இழுக்கட்டும். எழும்போது கை ஊன்றிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வையுங்கள்.